வாப்பா வாங்குன ஃபியட்டுக்கு கம்பெனி கலர் என்ன? – வாசகர் கேள்வி பதில்

போன தடவ பழைய வண்டில துரு பிடிக்கிறதப் பத்தி எழுதுனேன், அதுல இருந்து வர்ற கடிதம் பூராம் கலரப் பத்தித்தான் இருக்கு. கீழக்கரை, தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம்னு நம்ம கடற்கரை ஊர்க்காரங்க கேட்டதா பொறுக்கி இந்த தடவ பதில் சொல்றேன். ராமநாதபுரத்துல பெயிண்டிங் பட்டறை வச்சு பல வருசமா இதே சோலிதான், அதனால கையால செஞ்சு பார்த்தத மட்டும் சொல்றேன்.

*அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். எங்க வாப்பா 1971ல வாங்குன ஃபியட் 1100 டிலைட் ரொம்ப வருசமா செட்டுலயே கெடந்துச்சு. நான் சவூதில இருந்து வந்து இப்ப அத ஓட வைக்கலாம்னு இறங்கிருக்கேன். வண்டி இப்ப மெரூன் கலர். வாங்கும்போது இளம்பச்சைன்னு உம்மா சொல்றாங்க, இல்ல சாம்பல்னு சாச்சா அடிச்சு சொல்றாங்க. கம்பெனி கலர எப்படி கண்டுபிடிக்கிறது? வண்டில கோட் நம்பர் ஏதும் இருக்குமா? – கீழக்கரை வாசகர்*

வ அலைக்கும் ஸலாம் தம்பி. கோட் நம்பர்னு கேட்டீங்கள்ல, அது ஜெர்மன் வண்டிகள்ல இருக்கும். பழைய பென்ஸ்ல பானெட்ட தூக்குனா முன்பக்க தகட்டுல நம்பர் அடிச்சிருக்கும், 040ன்னா கருப்பு, 050ன்னா வெள்ளை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல எல் போட்டு நம்பர், எல்41 கருப்பு, எல்87 முத்து வெள்ளை. நம்ம ஃபியட், அம்பாசடருக்கு அந்த மாதிரி நம்பர நம்பி உட்கார்ந்துடாதீங்க. ஷேடு கார்ட புரட்டி "இது மாதிரி இருக்குமோ"ன்னு தேடுறதும் வேணாம். கலரு உங்க வண்டி மேலயேதான் இருக்கு, மூணு நாலு பெயிண்டுக்கு அடில ஒளிஞ்சு கெடக்கு, அத எடுக்கத் தெரியணும், அம்புட்டுத்தான்.

ஒரு விசயத்த மட்டும் மனசுல வச்சுக்கிட்டா எங்க தேடணும்னு தானா வெளங்கிரும். கம்பெனில வெறும் பாடிக்கு பெயிண்ட் அடிச்சு காய வச்ச பிறகுதான் கண்ணாடி, ரப்பர், பீடிங், கைப்பிடி, லைட்டு எல்லாத்தையும் மாட்டுவாங்க. ஆனா பின்னாடி பட்டறைல அடிக்கும்போது அம்புட்டையும் யாரு கழட்டுவா, மேல பேப்பர ஒட்டி மறைச்சுட்டு அப்படியே அடிச்சிருவாங்க. அப்ப, கழட்டுனாத்தான் தெரியும்ங்கிற இடம் எதெதுவோ அங்கல்லாம் கம்பெனி பெயிண்ட் தப்பிச்சிருக்கும். கதவு ரப்பர உரிச்சுப் பாருங்க, பக்கவாட்டு குரோம் பட்டை இருந்தா அதுக்கு அடில பாருங்க, கதவு உள்பக்க அட்டையக் கழட்டி தகட்டப் பாருங்க, டெயில் லைட்டக் கழட்டுனா அது உட்கார்ந்திருந்த இடம், டிக்கி மேட்டுக்கு அடி, டேஷ்போர்டுக்கு உள்ள கைய விட்டு மேல் தகட்டோட அடிப்பக்கம். என் அனுபவத்துல டேஷ்போர்டு உள்பக்கம்தான் ரொம்ப நம்பிக்கையான இடம், அங்கிட்டு வெயிலும் படாது, பெயிண்டரோட ஸ்ப்ரே கன்னும் போகாது. எஞ்சின் ரூம்ல இருக்குறத மட்டும் கடைசியா வச்சுக்கோங்க, சூட்டுலயும் ஆயில்லயும் கலரு மாறிருக்கும்.

ஒளிஞ்ச இடத்துல ஒன்னும் கிடைக்கலன்னா, கிடைச்சாலும் உறுதி பண்ணிக்கிறதுக்கு, வெளித்தகட்டுல ஒரு கிணறு தோண்டணும். பட்டறைல நாங்க அப்படித்தான் சொல்றது. ஒரு ரூபா காசு அளவுக்கு ஆரம்பிச்சு, 320 நம்பர் வாட்டர் பேப்பர்ல (உப்புத்தாள்தான், நம்பர் கூடக்கூட நைசு) தண்ணி தொட்டு வட்டமா தேய்ச்சு தகடு தெரியுற வரைக்கும் போங்க, அப்புறம் 600, அப்புறம் 1000, ஓரத்த சரிவா இழைச்சு விட்டீங்கன்னா மரத்த அறுத்தா வளையம் தெரியுற மாதிரி ஒவ்வொரு பெயிண்டும் ஒரு வளையமா வந்து நிக்கும். நடுவுல தகடு, அதுக்கு மேல பிரைமர்ங்கிற அடிப்பூச்சு, அதுக்கு மேல முதல் கலர், திரும்ப மறுபெயிண்டுக்கு அடில போட்ட சாம்பல் சர்ஃபேசர், அடுத்த கலர்னு போய் கடைசில உங்க மெரூன். பிரைமருக்கு ஒட்டுனாப்புல இருக்குற முதல் கலர்தான் நீங்க தேடுறது. ஆனா அந்தக் கலருக்கு அடில பள்ளம் அடைக்கிற பட்டி தெரிஞ்சுச்சுன்னா சந்தேகப்படுங்க, பெரும்பாலும் அந்த இடம் அடிபட்டு டிங்கரிங் பார்த்த இடமா இருக்கும். அதேமாதிரி ஒரு இடத்துல தோண்டிட்டு முடிவு பண்ணிராதீங்க. கதவு வேற வண்டில இருந்து வாங்கி மாட்டுனதா இருக்கலாம், மட்கார்டு மாத்திருக்கலாம். கூரைல ஒன்னு, பின் மட்கார்டுல ஒன்னு, கதவு தூண்ல ஒன்னுன்னு மூணு இடத்துலயும் ஒரே கலர் சொன்னா அதுதான் உண்மை. கூரைய யாரும் மாத்த மாட்டாங்க, அதனால மூணுல ஒன்னு கூரையா இருக்கட்டும்.

தேய்க்கும்போது தண்ணி தொடாம காய்ஞ்ச பேப்பர்ல தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயிண்ட்ல ஈய குரோமேட் போட்டு செய்யுறது வழக்கம், அந்தத் தூசி மூச்சுல போனா உடம்புக்கு ஆகாது. முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டு, புள்ளைகள கிட்ட விடாம, தேய்ச்ச தண்ணியையும் துணியையும் முத்தத்துல ஊத்தாம அப்புறப்படுத்துங்க.

கலர் கிடைச்ச உடனே அப்படியே மேட்ச் பண்ண ஓடாதீங்க. பழைய பெயிண்டுக்கு மேல ஒரு செத்த தோல் இருக்கும், வெளுத்துப்போய் மாவு மாதிரி. ரப்பிங் காம்பவுண்டுங்கிற பாலிஷ் பசைய தொட்டு மெதுவா தேய்ச்சா அது கழண்டு உள்ள இருக்குற உயிருள்ள கலர் வரும், வித்தியாசத்தப் பார்த்தா நீங்களே அசந்து போவீங்க. அந்த மினுமினுப்பான இடத்தத்தான் கலர் மிக்ஸிங் கடை மிஷினுக்கு காட்டணும். அதுக்கு கழட்டக்கூடிய ஒரு துண்டா இருந்தா நல்லது, குளோவ் பாக்ஸ் மூடி, டிக்கில இருக்குற சின்ன தகடு மூடி மாதிரி. மதுரைல மிஷின் வச்சிருக்குற கடைகள் இருக்கு. மிஷின் ஒளிய அடிச்சு திரும்பி வர்றத அளந்து, அவங்க கம்பெனி பட்டியல்ல அதுக்குக் கிட்டக்க இருக்குற ஃபார்முலாவ காட்டும். கிட்டக்கதான் காட்டும், அதேன்னு நினைச்சிராதீங்க. அதுக்கு மேல கையால சொட்டுச் சொட்டா கலர் சேர்த்து டின்ட் பண்ற ஆளு வேணும். நல்ல ஆளு மூணு கேள்வி கேட்டுக்கிட்டே கலப்பாரு: இருட்டா இருக்கா வெளிச்சமா இருக்கா, எந்தக் கலர் பக்கம் சாயுது, தெளிவா இருக்கா அழுக்கா இருக்கா. பழைய கலர்கள் பெரும்பாலும் கொஞ்சம் அழுக்கா இருக்கும், அந்த அழுக்குலதான் அந்தக் காலமே இருக்கு. அழுக்காக்கணும்னு கருப்ப ஊத்துறவரு கையில குடுக்காதீங்க, மஞ்சள்ல கருப்பு போனா பச்சை அடிச்சிரும், வெள்ளைல போனா நீலம் அடிச்சிரும். எதிர்க்கலர்ல ஒரு சொட்டு விட்டு அடக்குறவருதான் தொழில் தெரிஞ்சவரு.

கலந்தத டப்பாலயே பார்த்து தலையாட்டக் கூடாது. ஒரு தகட்டுல அதே பிரைமர் அடிச்சு, அதே கன்னுல, அடித்தளம் மறையுற வரைக்கும் கோட்டு மேல கோட்டா அடிச்சு காய விடணும். மறைஞ்சிருச்சான்னு தெரியுறதுக்கு தகட்டுல மார்க்கர்ல கருப்பா ஒரு கோடு போட்டுக்கோங்க. ஈரத்துல ஒரு கலர், காய்ஞ்சா ஒரு கலர், காய்ஞ்சதும் பெரும்பாலும் ஒரு படி இருட்டாகும். மறுநாள் அந்தத் தகட்ட வண்டில ஒட்டுனாப்புல வச்சு பாருங்க.

உம்மாவும் சாச்சாவும் சண்ட போட்டுக்க வேணாம்னு சொல்லுங்க. சாம்பல் கலந்த பச்சைன்னு ஒரு வகை இருக்கு, தெருவுல வெயில்ல பச்சையா இருக்கும், செட்டுக்குள்ள குண்டு பல்பு வெளிச்சத்துல சாம்பலாத் தெரியும். ரெண்டு பேரு கண்ணும் சரியாவே பார்த்திருக்கலாம்.

*சார், எங்க அம்பாசடர் மார்க் 3ல டிரைவர் பக்க கதவு மட்டும் பெயிண்ட் அடிச்சோம். கடைல ராத்திரி டெலிவரி எடுக்கும்போது அச்சு அசலா இருந்துச்சு. காலைல அக்னி தீர்த்தம் பக்கம் நிப்பாட்டிப் பார்த்தா கதவு தனியாத் தெரியுது. சாயங்காலம் வீட்டு டியூப்லைட்ல பார்த்தா திரும்ப ஒன்னா இருக்கு. கண்ணுல கோளாறா, பெயிண்ட்ல கோளாறா? – ராமேஸ்வரம் வாசகி*

கண்ணுல கோளாறு இல்லம்மா. இது எனக்கே நடந்தது. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கடல்பச்சை வண்டிக்கு பொழுது சாஞ்ச பிறகு டியூப்லைட்ட போட்டு உட்கார்ந்து மூணு மணி நேரம் கலந்து மேட்ச் பண்ணேன், அடிச்சும் முடிச்சேன், விடிஞ்சு வண்டிய வெளிய எடுத்தா நான் அடிச்ச மட்கார்டு மட்டும் நீலத்துக்கு ஓடி நிக்குது. வண்டிக்காரரு ஒரு வார்த்த பேசல, அதுதான் எனக்கு இன்னமும் கஷ்டமா இருக்கு. முழு மட்கார்டையும் திரும்ப அடிச்சுக் குடுத்தேன்.

விசயம் என்னன்னா, ஒரே கலர ரெண்டு வேற வேற நிறப்பொடிய வச்சு உண்டாக்கலாம். உங்க பழைய வண்டில பச்சைய ஒரு பொடில செஞ்சிருப்பாங்க, இப்ப கடைல அத மஞ்சளும் நீலமும் கலந்து கொண்டு வருவாங்க. பழைய ஈயப் பொடிகள் இப்ப மிக்ஸிங் டின்கள்ல பெரும்பாலும் இல்ல, அதனால வேற பொடிலதான் அந்த இடத்துக்குப் போயாகணும். ஒரு வெளிச்சத்துல ரெண்டும் ஒரே மாதிரி ஒளியத் திருப்பி அனுப்பும், வெளிச்சம் மாறுனா ஒன்னு ஒரு பக்கமும் இன்னொன்னு இன்னொரு பக்கமும் போயிரும். டியூப்லைட் வெளிச்சத்துல எல்லா நிறமும் வெயில்ல இருக்குற அளவுக்கு சமமா இருக்காது, அதனாலதான் ராத்திரி ஒன்னாத் தெரிஞ்சது.

அதனால கலர் பார்க்குறது பகல்லதான், காலைல பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள, நேர் வெயில்ல இல்லாம வடக்குப் பார்த்த நிழல்ல. அதுல சரியா வந்த பிறகு வெயில்ல ஒருக்கா, டியூப்லைட்ல ஒருக்கா, குண்டு பல்புல ஒருக்கா பார்க்கணும். எல்லாத்துலயும் ஒன்னா இருக்குற மாதிரி கலக்க முடியலன்னா பகல் வெளிச்சத்துக்கு முதல் மரியாத குடுங்க, வண்டி ஓடுறது பகல்ல. பார்க்குறதும் முதல் ரெண்டு மூணு நொடிதான், ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா கண்ணு பழகிப்போய் எல்லாமே ஒன்னாத்தான் தெரியும். கலர் பார்க்கும்போது சிவப்புச் சட்ட கூட போடக்கூடாதும்பாரு எங்க ஆசான், சட்ட நிறம் தகட்டுல விழும்.

இன்னொன்னும் இருக்கு. உங்க கேஸ்ல ஒரு கதவு மட்டும் அடிச்சிருக்கீங்க. அப்ப கம்பெனி கலர மேட்ச் பண்ணவே கூடாது, வெயில்ல வெளுத்துப்போன பக்கத்து தகட்டத்தான் மேட்ச் பண்ணனும். முழு வண்டி அடிக்கிறதா இருந்தா ஒளிஞ்சிருக்குற கலர், துண்டு அடிக்கிறதா இருந்தா இன்னைக்கு கண்ணுக்குத் தெரியுற கலர். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் நிறைய பேரு காச விடுறாங்க. இப்ப கதவ பகல் வெளிச்சத்துல திரும்ப மேட்ச் பண்ணி, ரெண்டு பக்கத்து தகட்டுலயும் கொஞ்ச தூரம் கலர கரைய விட்டு அடிக்கச் சொல்லுங்க, கோடு தெரியாது.

*அண்ணே, 1970கள்ல எடுத்த கலர் ஃபோட்டோ ஆல்பத்துல எங்க வண்டி நிக்குது. அத மொபைல்ல எடுத்து கடைக்கு அனுப்புனா மேட்ச் பண்ணிருவாங்களா? – தொண்டி வாசகர்*

பண்ணக் கூடாது தம்பி. அந்தக் காலத்து கலர் பிரிண்ட்ல இருக்குற சாயம் ஆல்பத்துக்குள்ள இருட்டுல இருந்தாலும் வெளுக்கும், அதுலயும் பச்சநீலச் சாயம்தான் முதல்ல போகும், அதனாலதான் பழைய கல்யாண ஃபோட்டோ எல்லாம் செம்பழுப்பா மாறிக் கெடக்கு. அதுக்கு மேல மொபைல் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளைய சரி பண்ணும், பார்க்குற ஸ்க்ரீன் வேற. ஃபோட்டோவ வேற வேலைக்கு வச்சுக்கோங்க: கூரை ரெண்டாம் கலரா, வீல் என்ன கலர், பக்கவாட்டுல கோடு ஓடுச்சா, பம்பர் குரோமா பெயிண்டா. அதுக்கெல்லாம் அந்த ஃபோட்டோ தங்கம், பத்திரமா வச்சிருங்க.

*ஐயா, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்னு எங்க மாமா வீட்ல இருந்து வந்துருக்கு. கலர் கண்டுபிடிச்சாச்சு. பழைய மாதிரியே என்சி பெயிண்ட் அடிக்கணுமா, இல்ல இப்ப வர்ற டூ கே அடிக்கலாமா? டூ கே அடிச்சா பழைய களை வராதுன்னு சொல்றாங்க. – தேவிபட்டினம் வாசகர்*

என்சின்னா நைட்ரோசெல்லுலோஸ், தின்னர்ல கரைச்சு அடிக்கிற பழைய பெயிண்ட்; டூ கேன்னா ஹார்டனர்னு இன்னொரு திரவம் கலந்து இறுக வைக்கிற பெயிண்ட். முதல்ல இப்ப மேல இருக்குறது என்னன்னு பாருங்க. வெள்ளைத் துணில தின்னர நனைச்சு மறைவான ஒரு இடத்துல அழுத்தி வைங்க. கலரு துணில ஒட்டிக்கிட்டு வந்தா அது என்சி மாதிரி லாக்கர் வகை. என்சி காயுறது தின்னர் ஆவியாப் போறதாலதான், வேற ஒன்னும் நடக்காது, அதனால அம்பது வருசம் கழிச்சு தின்னர் பட்டாலும் கரையும். துணி சுத்தமா இருந்தா அது எனாமலா இருக்கும், இல்லன்னா டூ கேயா இருக்கும். எனாமலா இருந்து அதுக்கு மேலயே என்சி அடிச்சீங்கன்னா தோல் சுருங்குற மாதிரி சுருங்கிரும், சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

நாம இன்னைக்கும் டூகோ பெயிண்ட்னு சொல்றோம்ல, அது அமெரிக்கால டூபாண்ட் கம்பெனி 1920கள்ல கொண்டு வந்த என்சி பெயிண்டோட பேரு. அதுக்கு முன்னாடி வார்னிஷ் பெயிண்ட் காயவே வாரக்கணக்குல ஆகும், ஃபோர்டு மாடல் டி 1914ல இருந்து 1925 வரைக்கும் கருப்புல மட்டும்தான் வந்துச்சு. 1924 மாடல் ஓக்லேண்ட் வண்டிதான் டூகோ நீலத்துல வந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வச்சது. கலர் கலரா வண்டி ஓட ஆரம்பிச்சது இந்தப் பெயிண்டாலதான்னு நினைச்சா எனக்கு அது மேல தனி பாசம்.

ஆனா தேவிபட்டினத்துல கடல் வாசல்லயே நிக்கிற வண்டிக்கு, அதுவும் ஓட்டப்போற வண்டிக்கு, நான் டூ கேதான் சொல்வேன். என்சிக்கு நம்ம ஊரு ஈரக்காத்து எதிரி. தின்னர் சீக்கிரம் ஆவியாகும்போது தகடு குளிரும், குளிர்ந்த தகட்டுல காத்துல இருக்குற ஈரம் இறங்கும், பெயிண்ட் மேல வெள்ளையா பூத்துப்போய் நீங்க கஷ்டப்பட்டு மேட்ச் பண்ண கலரு பாலாடை போர்த்துன மாதிரி ஆயிரும். வாடை காத்து அடிக்கிற ஐப்பசி கார்த்திகைல என்சி கன்ன தொடவே மாட்டேன். ஆடில கச்சான் காத்துல மண்ணு பறந்து வந்து ஈரப் பெயிண்ட்ல உட்காரும். என்சிதான் வேணும்னு ஆசப்பட்டா மாசி பங்குனில, வெயில் ஏறுன பிறகு, லேட்டா காயுற ரிடார்டர் தின்னர் கலந்து அடிங்க. பூத்துட்டாலும் பதற வேணாம், காய்ஞ்ச நாள்ல அந்த ரிடார்டர மட்டும் லேசா தூவுனா பெரும்பாலும் தெளிஞ்சிரும்.

பழைய களை வராதுன்னு சொன்னது டூ கேயால இல்ல, மேல அடிக்கிற கிளியர் கோட்டால. கிளியர் அடிச்சா கலருக்கு மேல கண்ணாடி போட்ட மாதிரி ஆயிரும், ஷேடு கரெக்டா இருந்தாலும் பார்க்குறவங்களுக்கு "என்னமோ மாறிருச்சே"ன்னு தோணும். கிளியர் இல்லாத ஒத்தக் கோட் டூ கே சாலிட் கலர்ல வாங்கி அடிச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு 2000 பேப்பர் போட்டு காம்பவுண்ட்ல கையால ஒருக்கா தேய்ச்சு எடுங்க, அந்த மெத்துனு இருக்குற பழைய பளபளப்பு வந்துரும்.

ஒன்னே ஒன்னு, டூ கே ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு. ஒரு தடவ அது நுரையீரலுக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் மூச்சுத் திணறல் வந்துரும், ஆஸ்துமா ஆயிரும். வாயில கைக்குட்டைய கட்டிக்கிட்டு அடிக்கிற சின்னப் பையங்கள நான் தினம் பார்க்குறேன், வயிறு எரியுது. வெளில இருந்து நல்ல காத்து குழாய்ல வர்ற மாஸ்க் இருக்குற பட்டறையா பார்த்து குடுங்க, அதுக்கு நூறு இருநூறு கூடக் கேட்டா குடுங்க.

*அண்ணே, போன வருசம் ஃபுல் பெயிண்டிங் பண்ணோம், எட்டு மாசத்துல கீழ்ப்பக்கம் பூராம் சின்னச் சின்னதா கொப்புளம். பெயிண்ட் நல்ல கம்பெனி. ஏன் இப்படி? – மண்டபம் வாசகர்*

பெயிண்ட விடுங்க, எந்தத் தண்ணில தேய்ச்சாங்கன்னு கேட்டீங்களா? நம்ம பக்கம் போர் தண்ணி உப்புத் தண்ணி. அந்தத் தண்ணியத் தொட்டு வாட்டர் பேப்பர் போட்டு, காய விட்டு, அதுக்கு மேல பிரைமர் அடிச்சா உப்பு தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிரும். பெயிண்ட்ங்கிறது முழுசா தண்ணிய நிறுத்தாது, ஈரம் பையப் பைய உள்ள போகும், உள்ள இருக்குற உப்பு அந்த ஈரத்த இழுத்து வச்சுக்கிரும், கொப்புளம் கிளம்பும், குத்திப் பார்த்தா உள்ள தண்ணி இருக்கும், அடில துரு. எம்புட்டு ஒசத்தி பெயிண்டா இருந்தாலும் இதுக்கு ஒன்னும் பண்ண முடியாது.

நான் தேய்க்கிறதுக்கும் கழுவுறதுக்கும் காவிரித் தண்ணி குழாய்ல வர்ற நாள் பார்த்து டிரம்ல பிடிச்சு வச்சுக்குவேன், இல்லன்னா மழைத்தண்ணி, ஊருணித் தண்ணிய வடிகட்டி. கடைசிக் கழுவுக்கு ஆர்ஓ தண்ணி ரெண்டு கேன் வாங்குங்க, மொத்த செலவுல அது ஒன்னுமே இல்ல. தகடு தெரிஞ்ச இடத்த மறுநாளைக்கு விடவே கூடாது, மண்டபத்துல ராத்திரி ஒரு காத்து அடிச்சா காலைல மஞ்சளா பூத்து நிக்கும். அன்னைக்கே கழுவி, துடைச்சு, சூடு காட்டி காய வச்சு, எபாக்ஸி பிரைமர அடிச்சிருங்க. உங்க ஊருலதான் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரங்க தகட வெளில வச்சு துரு எப்படி பிடிக்குதுன்னு பல வருசமா சோதிக்கிற இடமே இருக்கு, அந்த அளவுக்கு இரும்ப தின்னுற காத்து. 2025ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கு துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயிண்ட்னு தனியா பார்த்து செஞ்சதும் இதுக்குத்தான்.

இப்ப வந்துருக்குற கொப்புளத்துக்கு மேலயே டச்சப் பண்ணச் சொல்லாதீங்க, தகடு வரைக்கும் எடுத்துட்டு நல்ல தண்ணில கழுவி திரும்ப அடிக்கணும். கலர் மேட்ச் பண்ண ஃபார்முலா சீட்டு கையில இருக்குதா? இல்லன்னா அடிச்சவர்ட்ட இன்னைக்கே கேட்டு வாங்கி ஆர்சி புக்கோட வச்சிருங்க.

*சார், கம்பெனி கலருக்கு மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல ஏதும் பிரச்சனை வருமா? – ராமநாதபுரம் வாசகர்*

ஆர்சில என்ன கலர்னு போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. பல வண்டில மேல மெரூன் இருந்தாலும் ஆர்சில பழைய கலரேதான் இருக்கும், அப்ப நீங்க சரியான இடத்துக்குத்தான் திரும்பிப் போறீங்க. அதுல இருந்து மாறுதுன்னா எழுதிக் குடுத்து ஆர்சில மாத்திக்கணும். வண்டி முதல்ல பதிவாகி 50 வருசம் தாண்டி, பாடி, சேசி, எஞ்சின்ல பெரிசா கை வைக்காம இருந்தா, 2021ல வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியா பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, புதுப்பிக்க 5,000 ரூபா. பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா விண்டேஜ்ல பதிஞ்சா தினம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது, அத யோசிச்சு முடிவு பண்ணுங்க.

*அண்ணே, எங்க அம்பாசடர் வெள்ளை. வெள்ளைக்கு மேட்ச் பண்ண என்ன இருக்குன்னு நினைச்சேன், மூணு தடவ அடிச்சும் ஒத்து வரல. பீடிங்குக்கு அடில இருக்குற வெள்ளை மஞ்சளா இருக்கு, வெளில இருக்குறது சுண்ணாம்பு மாதிரி இருக்கு. எது உண்மை? – சாயல்குடி வாசகர்*

வெள்ளைதான் தம்பி இருக்குறதுலயே கஷ்டம். நீலத்துல ஒரு சொட்டு கூடப் போனா யாருக்கும் தெரியாது, வெள்ளைல போனா ஊருக்கே தெரியும். பழைய வெள்ளை எதுவும் சுத்த வெள்ளை இல்ல, ஒரு துளி கருப்பு, கொஞ்சம் காவி மஞ்சள், சில சமயம் செங்காவி மோந்து பார்த்த அளவுக்குன்னு போயிருக்கும்.

உங்க கேள்விக்கு பதில், ரெண்டுமே முழு உண்மை இல்ல. வெளில இருக்குறது வெயில்ல வெளுத்து மேல் தோல் மாவானது, அத காம்பவுண்ட் போட்டு எடுக்கலாம்னு முன்னாடியே சொன்னேன். ஆனா ஒளிஞ்ச இடத்துல இருக்குறதும் வெள்ளை விசயத்துல கொஞ்சம் ஏமாத்தும். எண்ணெய் சேர்ந்த எனாமல் வெள்ளை இருட்டுல கெடந்தா தானா மஞ்சளாகும், வீட்டுல அலமாரிக்குப் பின்னாடி இருக்குற கதவு மஞ்சளடிச்சு நிக்கிறதப் பார்த்திருப்பீங்க. பீடிங்குக்கு அடில பல வருசம் வெளிச்சமே படாம இருந்ததால வந்த மஞ்சள் அது, கம்பெனில போட்டது இல்ல. இதுல நல்ல விசயம், வெளிச்சம் பட்டா அந்த மஞ்சள்ல பெரும்பகுதி திரும்பப் போயிரும்.

அதனால ஒளிஞ்ச கலர் இருக்குற கழட்டக்கூடிய ஒரு துண்ட எடுத்து சோப்பு போட்டு நல்ல தண்ணில கழுவி, பாதிய கருப்புக் காகிதத்தால மூடி ஒட்டி, மொட்டைமாடில உப்புச்சாரல் படாத ஓரமா வெயில்ல வைங்க. ஒரு வாரத்துக்கு ஒருக்கா காகிதத்த தூக்கிப் பாருங்க. மூடுன பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் கூடிக்கிட்டே போயி ஒரு கட்டத்துல நின்னுரும், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம். நின்ன பிறகு திறந்த பாதிய லேசா காம்பவுண்ட் தேய்ச்சு, அந்தத் துண்ட துணில சுத்தி, கையோட எடுத்துக்கிட்டு கலர் கடைக்குப் போங்க, காலைல பத்து மணி பஸ்ஸுக்கு.